மண் டிராக் காருக்கு நாலு சக்கர எடையைச் சரிசெய்வது: முதல்முறை செய்பவர்களுக்கான செய்முறை

இடது திருப்பத்தில் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் மூக்கு உள்ளே வராமல் நேராகவே இழுத்துக்கொண்டு போகிறது. அதே கார், அதே வேகம், வலது திருப்பத்தில் வாலை வீசுகிறது. ஆட்டோகிராஸில் (மண் டிராக் கார் போட்டி) புதிதாக இறங்கும் பையன்கள் மாதவரம், மணலி, செங்குன்றம் பக்கத்து ஷெட்டுகளில் அடிக்கடி கொண்டுவரும் புகார் இது. பெரும்பாலும் முதலில் டயரை மாற்றிப் பார்ப்பார்கள், அப்புறம் டேம்பரை (ஷாக் அப்சார்பரை) ரெண்டு கிளிக் திருகுவார்கள். ஆனால் இடது வலது இரண்டு பக்கமும் கார் ஒரே மாதிரி திரும்பவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது நாலு சக்கரத்தின் மீதும் எவ்வளவு எடை உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான். இதைத்தான் கார்னர் வெயிட் பார்ப்பது என்கிறோம்.

சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளத்தில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருடங்கள் ரேஸ் நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகு ரேஸ் ஊருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. வேலை தெரிந்த கைகள் மட்டும் வடசென்னையில் இன்றும் நிறையவே இருக்கின்றன. கீழே சொல்லும் எதற்கும் பெரிய வொர்க்‌ஷாப் தேவையில்லை. தகரக் கூரை போட்ட ஷெட்டும் பொறுமையும் இருந்தால் போதும்.

நான் மனதில் வைத்து எழுதும் வண்டி இது: முன் சக்கர டிரைவ் உள்ள சின்ன ஹேட்ச்பேக், ரோல் கேஜ் (கார் உருண்டால் காக்கும் இரும்புக் கூண்டு) வெல்டு செய்தது, நாலு பக்கமும் ஸ்பிரிங் உயரத்தை மாற்றக்கூடிய காயில்ஓவர் (டேம்பரைச் சுற்றி ஸ்பிரிங் உட்காரும் அமைப்பு) போட்டது. ஜிப்ஸி மாதிரி லீஃப் ஸ்பிரிங் வண்டிக்கும் கொள்கை இதேதான். ஆனால் அதில் திருகக் காலர் (ஸ்பிரிங்கைத் தாங்கும் மரை வளையம்) கிடையாது, பட்டைக்குப் பேக்கிங் வைத்துத்தான் உயரத்தை மாற்ற வேண்டும். அது தனி வேலை, இங்கே தொடவில்லை.

காலரைத் திருகினால் எது மாறும், எது மாறாது

டீக்கடை பெஞ்சின் ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வையுங்கள். அந்தக் காலும் அதன் எதிர்மூலைக் காலும் சேர்ந்து பாரத்தை வாங்கிக்கொள்ளும், மற்ற இரண்டும் லேசாகிவிடும். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

காரிலும் நடப்பது இதுதான். முன் வலது ஸ்பிரிங்கின் காலரை மேலே ஏற்றினால் முன் வலது சக்கரத்திலும் பின் இடது சக்கரத்திலும் எடை கூடும். முன் இடதிலும் பின் வலதிலும் அதே அளவு குறையும். முன்பக்க மொத்தம், பின்பக்க மொத்தம், இடது மொத்தம், வலது மொத்தம் ஆகிய நாலும் அப்படியே இருக்கும். அவற்றை மாற்ற வேண்டும் என்றால் பேட்டரி, ஸ்டெப்னி, சீட் போன்ற கனமான பொருளை எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும், வேறு வழியே இல்லை. இதை மனதில் வாங்காதவர்கள்தான் ராத்திரி முழுக்கக் காலரைத் திருகிவிட்டு, வலது பக்க எடை ஏன் குறையவே மாட்டேன் என்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: காலர் குறுக்கு மூலைகளுக்கு இடையில் மட்டும்தான் எடையை மாற்றும்.

ஒரு குறுக்கு ஜோடியின் எடையைக் கூட்டி, மொத்த எடையில் அது எத்தனை சதவீதம் என்று பார்ப்பதுதான் கிராஸ் வெயிட். முன் வலதையும் பின் இடதையும் கூட்டுவது வழக்கம். இது 50-க்கு மேலே போனால் இடது திருப்பத்தில் கார் அண்டர்ஸ்டியர் ஆகும் (மூக்கு திரும்பாமல் நேராக இழுக்கும்), வலது திருப்பத்தில் ஓவர்ஸ்டியர் (வாலை வீசுவது) பக்கம் சாயும். 50-க்குக் கீழே போனால் அப்படியே தலைகீழ்.

இணையத்தில் இதைப் பற்றித் தேடினால் வருவதெல்லாம் பெரும்பாலும் அமெரிக்க ஓவல் மண் டிராக் சமாச்சாரம். அங்கே கார் இடது பக்கம் மட்டுமே திரும்பும். அதனால் வேண்டுமென்றே இடது பக்கம் எடையைக் கூட்டுவார்கள், கிராஸ் வெயிட்டை டிராக்கின் ஈரத்துக்குத் தகுந்தபடி ஏற்றி இறக்குவார்கள், பின் வலது டயரைப் பின் இடதைவிடச் சுற்றளவு அதிகமாகப் போடுவார்கள். திருப்பத்தில் இடது முன் சக்கரம் அந்தரத்தில் நிற்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண்களை எடுத்து நம் ஆட்டோகிராஸ் காரில் போட்டால் கார் ஒரு பக்கம் தேவதை, மறுபக்கம் பேய். இங்கே திருப்பம் இரண்டு பக்கமும் வரும், ராலியிலும் அப்படித்தான். நமக்கு இலக்கு 50 சதவீதம்.

தராசுக்கு என்ன செய்வது

ரேஸ் டீம்களிடம் நாலு பேட், ஒரு டிஸ்பிளே வைத்த கார்னர் வெயிட் தராசு இருக்கும். ஒரு நாளைக்கு இரவல் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். கிடைக்கவில்லை என்றால் கொருக்குப்பேட்டை இரும்புக் கடைகளிலும் காசிமேட்டு மீன் வியாபாரத்திலும் புழங்குகிற மின்னணுப் பிளாட்பார்ம் தராசு நாலு போதும். நாலும் ஒரே மாடல், ஒரே உயரம், 500 கிலோ தாங்கக்கூடியதாக இருக்கட்டும். 300 கிலோ தராசு வேண்டாம். சின்ன காரிலேயே முன் சக்கரம் 300-ஐத் தொட்டுவிடும். டயர் முழுசாகத் தட்டுக்குள் அடங்க வேண்டும், நடுவில் உட்கார வேண்டும்.

வாடகைக்கோ இரவலுக்கோ எடுத்த தராசை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே ஆள் நாலிலும் ஏறி நின்று பாருங்கள். நாலும் ஒரே எண்ணைக் காட்டினால் சரி. ஒன்று மட்டும் அரை கிலோ கூடவோ குறையவோ காட்டினால் அதைக் குறித்துவைத்துக் கடைசியில் கழித்துக்கொள்ளலாம்.

மணலி, மாதவரம் பக்கம் லாரி அதிகம் என்பதால் வே பிரிட்ஜுக்குப் பஞ்சமில்லை. முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று உத்தேசமாகப் பார்க்க அது உதவும். அவை 5 கிலோ, 10 கிலோ படியில்தான் எண் காட்டும் என்பதால் கிராஸ் வெயிட்டுக்கு ஆகாது.

மற்றபடி சி-ஸ்பானர் (காலரைத் திருகும் கொக்கி ஸ்பானர்), கம்பி பிரஷ், ஸ்டீல் ஸ்கேல், டயர் பிரஷர் கேஜ், ஜாக்கியும் நாலு ஸ்டாண்டும், ஒரு நோட்டு. தண்ணீர் டியூப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

தரை மட்டம்: பாதி வேலை இங்கேதான்

ஷெட்டின் சிமென்ட் தரை கண்ணுக்குச் சமமாகத் தெரியும், ஆனால் இருக்காது. தண்ணீர் வடியச் சரிவு விட்டிருப்பார்கள், லாரி ஏறிப் பள்ளம் விழுந்திருக்கும். ஒரே ஒரு தராசு மற்ற மூன்றைவிட 5 மில்லிமீட்டர் உயரமாக இருந்தால், கீழே உதாரணத்தில் வரும் 880 கிலோ காரில் கிராஸ் வெயிட் கிட்டத்தட்ட 1 சதவீதம் தப்பாகக் காட்டும். சரியாக இருக்கிற காரை அதை நம்பித் திருகினால், நீங்களே கெடுத்ததாக ஆகிவிடும்.

ரசமட்டம் இங்கே போதாது. கொத்தனார் பயன்படுத்தும் தண்ணீர் டியூப்தான் சரி. பத்து மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் டியூப் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். ஒரு பக்கெட் தண்ணீரில் சொட்டு நீலம் ரெண்டு துளி விட்டுக் கலந்து, டியூபின் ஒரு நுனியை உள்ளே போட்டு மறுநுனியில் உறிஞ்சி நிரப்புங்கள். நீலம் கலந்தால் நீர்மட்டம் தெளிவாகத் தெரியும், நடுவில் காற்று நின்றாலும் உடனே கண்ணில் படும். கடுகு அளவு குமிழ் தெரிந்தாலும் டியூபைத் தட்டித் தட்டி மேலே ஏற்றி வெளியேற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும். குமிழ் இருந்தால் இரு நுனியிலும் மட்டம் ஒன்றாக நிற்காது.

காரின் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடைவெளி), டிராக் அகலத்தை (இடது, வலது சக்கரங்களுக்கு இடைவெளி) அளந்து, நாலு சக்கரமும் வரும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துத் தராசுகளை வையுங்கள். டியூபின் ஒரு நுனியை ஒரு தூணில் அசையாமல் கட்டிவிடுங்கள். மறுநுனியை ஒவ்வொரு தராசுத் தட்டின் மேலும் ஸ்டீல் ஸ்கேலோடு சேர்த்து நிமிர்த்திப் பிடித்து, தண்ணீர் ஆடி அடங்கும்வரை காத்திருந்து, தட்டிலிருந்து நீர்மட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுங்கள். நீரின் மேற்பரப்பு டியூப் ஓரத்தில் மேலேறி நடுவில் குழிந்திருக்கும். எப்போதும் அந்தக் குழிவின் அடியைத்தான் பார்க்க வேண்டும். எங்கே எண் குறைவாக வருகிறதோ அதுதான் உயரமான தராசு. மற்ற மூன்றுக்கும் அடியில் தகடு வைத்து அந்த உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். இரும்புத் தகடுதான் வேண்டும். பிளைவுட், ரப்பர் ஷீட் எல்லாம் கார் ஏறியதும் அமுங்கிவிடும். நாலு எண்ணுக்கும் இடையே 1 மில்லிமீட்டருக்குள் வித்தியாசம் வந்தால் தாராளமாகப் போதும்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு தராசின் காலும் எங்கே நிற்கிறது, அடியில் எத்தனை தகடு என்று தரையிலேயே பெயின்டால் எழுதிவிடுங்கள். அடுத்த தடவை இந்த ஒரு மணி நேரம் மிச்சம்.

காரைத் தயார் செய்வது

ரேஸில் எப்படி ஓடப்போகிறதோ அப்படியே கார் நிற்க வேண்டும். முதல் வேலை, கழுவுவது. வீல் ஆர்ச்சுக்குள்ளும் சேசிஸ் மடிப்புகளிலும் காய்ந்து அப்பியிருக்கும் செம்மண் கிலோக்கணக்கில் வரும், அதுவும் எல்லாப் பக்கமும் சமமாக ஒட்டியிருக்காது.

எரிபொருள் ரேஸில் இருக்கும் அளவுக்கு இருக்கட்டும். ஸ்டெப்னி, ஜாக்கி, தீயணைப்பான் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கட்டும். ஓட்டுபவர் உள்ளே உட்கார வேண்டும், அல்லது அவர் எடைக்குச் சமமான மூட்டை வைக்க வேண்டும். 25 கிலோ அரிசி மூட்டை இரண்டைச் சீட்டிலும், மீதிக் கணக்கை ஒரு சின்ன மூட்டையாகக் கால் வைக்கும் இடத்திலும் வைத்தால் உட்கார்ந்த ஆளின் எடை விழும் விதத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். ராலி என்றால் கோ-டிரைவருக்கும் சேர்த்து. நம் ஊரில் ஸ்டியரிங் வலது பக்கம் என்பதால், தனியாக ஓட்டும் ஆட்டோகிராஸ் காரில் வலது பக்கம் கொஞ்சம் கனமாகத்தான் வரும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

டயர் பிரஷரை எடை போடுவதற்குச் சற்று முன்னால் பார்த்து, இடது வலது சமமாக வையுங்கள். ஷெட் வாசலில் ஒரு பக்கம் வெயிலில் நின்ற காரில் அந்தப் பக்க டயர்களின் பிரஷர் ஏறியிருக்கும், சென்னை வெயிலுக்கு அரை மணி நேரம் போதும். டேம்பரை ஆகக் குறைவான கிளிக்கில் வையுங்கள், ஸ்பிரிங் தடையில்லாமல் உட்காரும். ஆன்டி-ரோல் பார் (திருப்பத்தில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) இருந்தால் அதன் லிங்கை ஒரு பக்கம் கட்டாயம் கழற்ற வேண்டும். முறுக்கேறிய பார் தானே ஒரு ஸ்பிரிங் மாதிரி தள்ளி எண்ணைக் கெடுத்துவிடும்.

பலர் விட்டுவிடும் ஒரு விஷயம், சக்கரத்தைக் காரின் உடம்போடு இணைக்கும் கீழ் ஆர்மின் ரப்பர் புஷ். காரை ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது ஆர்ம் போல்ட்டை இறுக்கியிருந்தால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு உடம்பைத் தூக்கிப் பிடிக்கும். கார் தன் எடையில் நிற்கும்போது அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தி, நாலு தடவை அமுக்கிவிட்டு, அப்புறம் இறுக்குங்கள்.

காயில்ஓவர் மரை பற்றியும் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூர், எண்ணூர், காசிமேடு என்று கடற்கரையை ஒட்டி வண்டி நிற்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. உப்புக் காற்றும் டிராக் மண்ணும் சேர்ந்து மரையில் கல் மாதிரி இறுகிவிடும். அப்படியே சி-ஸ்பானரைப் போட்டு நெம்பினால் அலுமினியக் காலரின் பல் வழுக்கி உடையும். கம்பி பிரஷால் மரையின் ஓட்டத்திலேயே தேய்த்து மண்ணை எடுங்கள். துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஒரு டீ குடிக்கும் நேரம் விடுங்கள். முதலில் லாக் நட்டைப் பிரித்து, காலரை இந்தப் பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் கால் சுற்று என்று அசைத்து அசைத்து இளக்குங்கள். கை விரலாலேயே காலர் சுற்றும் நிலை வந்த பிறகுதான் எடை போடும் வேலையைத் தொடங்க வேண்டும். கார் எடை ஸ்பிரிங் மேல் இருக்கும்போது காலரைத் திருகவே கூடாது, மரை போய்விடும். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரம் தொங்கும்போதுதான் திருக வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் யாரும் போகக் கூடாது, இரண்டு நிமிட வேலையாக இருந்தாலும் சரி.

உயரம் முதலில், எடை அப்புறம்

நாலு மூலையிலும் கார் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று முதலில் எழுதுங்கள். ஃபெண்டர் வளைவிலிருந்து அளக்காதீர்கள், மண் காரின் ஃபெண்டர் எப்போதும் நசுங்கி நெளிந்துதான் இருக்கும். ஜாக்கி வைக்கும் இடத்திலிருந்து தரைவரை அளப்பதுதான் நம்பகம். இடதும் வலதும் சமமாகவும், மண்ணில் அடி தட்டாத உயரமாகவும் முதலில் கொண்டுவந்துவிடுங்கள். உயரத்தையே முடிவுசெய்யாமல் எடையில் இறங்கினால் இரண்டையும் மாறி மாறித் துரத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எடை எடுப்பது

ஜாக்கியில் தூக்கித் தராசின் மேல் இறக்கும்போது டயர் பக்கவாட்டில் விரிய இடமில்லாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு தட்டின் மேலும் இரண்டு மெல்லிய தகடு, நடுவில் கிரீஸ் தடவி வையுங்கள். டயர் தானாக வழுக்கித் தன் இடத்துக்கு வரும். தகடுகளை வைத்த பிறகு தராசைப் பூஜ்யமாக்க மறக்காதீர்கள். தட்டின் விளிம்பில் கட்டை வைத்துவிட்டு, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். ஸ்டியரிங் நேராக இருக்கட்டும்.

முன் பம்பரை மூன்று நாலு தடவை அமுக்கி விடுங்கள், பின்னாலும் அப்படியே. எண்களை எழுதுங்கள். மறுபடி அமுக்கி மறுபடி எழுதுங்கள். இரண்டு தடவையும் 2 கிலோவுக்குள் ஒத்து வந்தால் எண் நம்பத்தக்கது. 6, 7 கிலோ தாண்டி ஆடினால் எங்கோ புஷ்ஷோ டேம்பரோ பிடிக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மேலே போகாதீர்கள்.

கணக்கு

ஓட்டுபவரோடு சேர்த்து எண்கள் இப்படி வருவதாக வைத்துக்கொள்வோம்:

முன் இடது 246, முன் வலது 298
பின் இடது 170, பின் வலது 166

மொத்தம் 880 கிலோ. முன்பக்கம் 544, அதாவது 61.8 சதவீதம். முன் சக்கர டிரைவ் காருக்கு இது இயல்பு. இடது 416, வலது 464. முன் வலதும் பின் இடதும் சேர்ந்து 468, அதாவது 53.2 சதவீதம். ஆரம்பத்தில் சொன்ன அந்த இடது திருப்ப அண்டர்ஸ்டியரின் முகவரி இதுதான்.

880-இல் பாதி 440. நம்மிடம் 468 இருக்கிறது, 28 கிலோ அதிகம். இந்த 28 இரண்டு சக்கரங்களுக்கு இடையில் பிரியும். முன் வலதிலும் பின் இடதிலும் தலா 14 குறைய வேண்டும், முன் இடதிலும் பின் வலதிலும் தலா 14 கூட வேண்டும். முடிவில் முன் இடது 260, முன் வலது 284, பின் இடது 156, பின் வலது 180 என்று வரும். கூட்டிப் பாருங்கள், முன்பக்கம் அதே 544, இடது பக்கம் அதே 416.

ஷெட்டில் கால்குலேட்டர் இல்லாமலே சரிபார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. முன்பக்கம் வலதுக்கும் இடதுக்கும் உள்ள வித்தியாசமும், பின்பக்கம் வலதுக்கும் இடதுக்கும் உள்ள வித்தியாசமும் ஒன்றாக இருந்தால் கிராஸ் வெயிட் 50-இல் நிற்கிறது என்று அர்த்தம். இங்கே 284-இல் 260 போனால் 24, 180-இல் 156 போனாலும் 24.

திருகுவது

இந்த 14 கிலோவையும் ஒரே மூலையில் வாங்கப் பார்த்தால், ஒரு மில்லிமீட்டர் அமுங்க முன் ஸ்பிரிங்குக்கு 4 கிலோ, பின் ஸ்பிரிங்குக்கு 3 கிலோ தேவைப்படும் காரில் அந்த மூலையை 16 மில்லிமீட்டர் அளவுக்கு இறக்க வேண்டியிருக்கும். கார் கோணலாக நிற்கும். நாலு மூலைக்கும் பங்கு போட்டால் ஆளுக்கு 4 மில்லிமீட்டர்தான். முன் வலதையும் பின் இடதையும் 4 இறக்குங்கள், முன் இடதையும் பின் வலதையும் 4 ஏற்றுங்கள். மரையின் பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) 2 மில்லிமீட்டர் என்றால் தலா இரண்டு சுற்று. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குவதால் சராசரி உயரம் கெடாது.

காலரில் ஒரு பல்லின் மேல் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டு சுற்றை எண்ணுங்கள். கண் மதிப்பில் திருகினால் எங்கே தொடங்கினோம் என்பதே தெரியாமல் போகும். திருகியதும் லாக் நட்டை லேசாகச் சேர்த்து, காரை இறக்கி, அமுக்கி விட்டு, மறுபடி எண் எடுங்கள். கணக்குப்படி 14 வர வேண்டிய இடத்தில் தராசு 11, 12 தான் காட்டும். டயரும் அமுங்கும், புஷ்ஷும் கொஞ்சம் வளையும். மீதிக்கு இன்னொரு அரைச் சுற்று. ஒரு சுற்றுக்கு உங்கள் காரில் எத்தனை கிலோ மாறுகிறது என்று நோட்டில் எழுதிவிட்டால், அடுத்த முறை நேராக அந்த எண்ணிலிருந்தே தொடங்கலாம்.

எங்கே நிறுத்துவது? மண் காருக்கு 49.5 முதல் 50.5 வரை வந்தால் போதும் என்பது என் கருத்து. தார் டிராக்கில் 0.1-க்கு மெனக்கெடுகிறவர்கள் உண்டு. இரண்டு லேப்பில் பள்ளம் விழும் மண்ணில் அந்த உழைப்பு வீண். அந்த நேரத்தை அலைன்மென்ட்டில் போடுங்கள்.

காலரை இறக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து மேலும் கீழும் ஆடக்கூடாது. மண்ணில் சக்கரம் அடிக்கடி தரையை விட்டு எழும்பும். தளர்ந்த ஸ்பிரிங் தான் உட்காரும் தட்டை விட்டு விலகி, கோணலாக உட்கார்ந்துவிடும். ஆடினால் மேலே சின்ன ஹெல்பர் ஸ்பிரிங் போட வேண்டும்.

வலது பக்கத்தின் அதிக எடை உறுத்தினால் பொருளை நகர்த்துங்கள். 12 கிலோ பேட்டரியை வலமிருந்து இடமாக 1 மீட்டர் நகர்த்தினால், 1.4 மீட்டர் டிராக் அகலம் உள்ள காரில் சுமார் 8.5 கிலோ வலது சக்கரங்களிலிருந்து இடது சக்கரங்களுக்குப் போகும். இந்தக் காரில் அது கிட்டத்தட்ட 1 சதவீதம். எதை நகர்த்தினாலும் போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். பேலஸ்ட் (எடைக்காக வைக்கும் கூடுதல் பாரம்), பேட்டரி இடம் பற்றிய விதிகளை அந்தந்தப் போட்டியின் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. (இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பு) விதிமுறையில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

பாரை மாட்டுவதும் அலைன்மென்ட்டும்

ஆன்டி-ரோல் பார் லிங்கைக் கார் தராசில் நிற்கும்போதே, ஓட்டுபவர் உள்ளே இருக்கும்போதே மாட்டுங்கள். போல்ட் விரலால் தள்ளினாலே உள்ளே போக வேண்டும். நெம்பி மாட்டினால் அவ்வளவு நேரம் செய்த வேலை அந்த ஒரு போல்ட்டில் போய்விடும். லிங்க் நீளத்தை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் துளையில் வாஷர் வைத்துச் சரிக்கட்டலாம். மாட்டிய பிறகு தராசு எண் அசையக் கூடாது.

உயரம் மாறினால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவு), கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு) இரண்டும் மாறும். அதனால் அலைன்மென்ட் கடைசியில்தான். காசிமேட்டுக் கடைகளில் கிடைக்கும் தங்கூசி நரம்பு இதற்கு அருமையான பொருள், தொய்வே விழாது. காரின் இரண்டு பக்கமும் சக்கர மையத்தின் உயரத்தில், ஸ்டாண்டுகளில் கட்டி, இரண்டு நரம்பும் ஒன்றுக்கொன்று இணையாகவும் காருக்கு நேராகவும் வையுங்கள். ரிம்மின் முன் விளிம்பிலிருந்து நரம்புக்கும், பின் விளிம்பிலிருந்து நரம்புக்கும் ஸ்கேலால் அளந்தால் டோ கிடைத்துவிடும். மண்ணுக்கு முன்னால் பூஜ்யம் அல்லது ஒரு பக்கத்துக்கு 1 மில்லிமீட்டர் டோ-அவுட் (சக்கரத்தின் முன் விளிம்பு வெளியே), பின்னால் கொஞ்சம் டோ-இன் (முன் விளிம்பு உள்ளே) என்று தொடங்கலாம். கேம்பர் தார் டிராக் அளவுக்கு வேண்டாம். முன்னால் நெகட்டிவ் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்தது) 1 டிகிரியில் ஆரம்பித்து, டயர் தேய்வதைப் பார்த்து மாற்றுங்கள். டேம்பர் கிளிக்குகளைப் பழைய இடத்துக்கு, இடது வலது சமமாக, கொண்டுவர மறக்க வேண்டாம்.

ஓட்டிப் பார்ப்பது

எண்ணூர் நெடுஞ்சாலையிலோ மணலி ரோட்டிலோ அல்ல. அங்கே கன்டெய்னர் லாரிகளோடு மற்றவர்களும் போய்வருகிறார்கள். உரியவரிடம் அனுமதி வாங்கிய மண் மைதானத்தில், ஹெல்மெட்டும் பெல்ட்டும் போட்டுக்கொண்டு, இரண்டு கூம்புகளை வைத்து எட்டு போடுங்கள். இரண்டு வட்டமும் ஒரே அளவு இருக்கட்டும், ஒரே கியர், முடிந்தவரை ஒரே ஆக்சிலரேட்டர். ஒருவர் வெளியே நின்று இடது வட்டத்துக்கும் வலது வட்டத்துக்கும் தனித்தனியாக நேரம் எடுக்கட்டும். ஓட்டுபவருக்கு முன்பு எந்தப் பக்கம் பயம் இருந்தது என்பதை அவரிடம் சொல்லாமலே கேட்டுப் பாருங்கள். “அண்ணே, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான்ணே போகுது” என்று வந்தால் எடை வேலை முடிந்தது.

இதற்குப் பிறகும் இரண்டு பக்கமும் சமமாக அண்டர்ஸ்டியர் ஆனால், காலர் பக்கமே போகாதீர்கள். அது ஸ்பிரிங் கடினம், டயர் பிரஷர், ஆன்டி-ரோல் பார் சம்பந்தப்பட்ட விஷயம். முன் பாரைத் தளர்த்துவது அல்லது பின்பக்கத்தைக் கொஞ்சம் கடினமாக்குவது என்று ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தண்ணீர் தெளித்த காலை மண்ணும் மதியப் புழுதியும் வேறு வேறு. காலையில் மாற்றியதன் பலனை மதியம் ஓட்டிப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம்.

ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் காரைக் கழுவி, அதே பெயின்ட் குறியில் தராசுகளை வைத்து மறுபடி எண் எடுங்கள். யாரும் காலரைத் தொடாமலே கிராஸ் வெயிட் 1 சதவீதத்துக்கு மேல் நகர்ந்திருந்தால் ஏதோ வளைந்திருக்கிறது, அல்லது தளர்ந்திருக்கிறது. உயரத்தையும் பழைய நோட்டோடு ஒப்பிடுங்கள். எந்த மூலை இறங்கியிருக்கிறதோ அங்கிருந்து தேட ஆரம்பியுங்கள். முதலில் ஸ்பிரிங், அடுத்து கீழ் ஆர்ம் வளைவு. இரண்டும் சரியாக இருந்தால் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் டேம்பரும் சேர்ந்த தூண்) மேல் முனை காரின் உடம்போடு சேரும் இடத்தில் கார்ப்பெட், சீலன்ட் எல்லாவற்றையும் உரித்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே வெல்டிங் ஓரத்தில் மயிரிழை மாதிரி விரிசல் தெரிந்தால், அதை வெட்டித் தகடு வைத்து வெல்டு செய்யும்வரை அந்தக் கார் ஷெட்டை விட்டு வெளியே போகக் கூடாது.